சுற்றி வந்து சொல்லும் சொல்

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தமாக இருநூறு வார்த்தை இருக்கும். அதில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதை நாளைக்கே மறந்துவிட்டாலும் குடிமுழுகிப் போய்விடாது. மிச்சமிருக்கும் ஒன்று 'லிஸ்தா'. அதைச் சொல்ல நேர்ந்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. திருப்பதியில் நான் தங்கியிருந்த அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினால், பூட்டினேனா இல்லையா என்று பார்க்க மறுபடி இரண்டு மாடி ஏறுவேன். கேஸ் அடுப்பை அணைத்ததும் அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன், பஸ்ஸில் போகும்போது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. சித்தூரில் இருக்கும் அம்மா, "உன்ன கட்டிக்கினு எவன் மாட்டப் போறானோ, பாவம்" என்பாள். நியாயமான பேச்சுதான். இவ்வளவு பயப்படுகிற ஒருத்தி கவனக்குறைவாக இருக்கவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

சித்தூரில் டிப்ளமோ முடித்துவிட்டு, சத்தியவேட்டுப் பக்கம் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஸ்பெயினிலிருந்து ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. ஒரு சின்ன வீடு அளவுக்கு இருக்கும். அதன் உள்ளே, அச்சிலிருந்து சூடான பாகத்தைக் கவ்வி எடுத்து மேசைமேல் வைப்பதற்கு ஓர் இரும்புக் கை. இதை ஓட்டிக்காட்ட வர வேண்டிய ஸ்பானிஷ் இன்ஜினியருக்கு விசா கிடைப்பதில் இழுபறி. அதனால் அவள் தன் ஊரிலிருந்தே இன்டர்நெட் வழியாக மெஷினை அசைத்துப் பார்ப்பாள், இங்கே ஒருவர் லேப்டாப் முன்னால் நின்று அவள் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று முடிவானது. அவளுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மெஷினின் திரை முழுக்க ஸ்பானிஷ்.

"நாலுகு பாஷலு ஒச்சு கதா, ஐதோதி நேர்ச்சுக்கோ" என்றார் எங்கள் இன்சார்ஜ். அவரும் சித்தூர்க்காரர்தான். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டுவார். நாலு பாஷை வருகிறதே, ஐந்தாவதையும் கற்றுக்கொள் என்று, கடைக்குப் போய்க் கொத்துமல்லி வாங்கிவரச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.  நானும் "சரி சார்" என்றேன்.

பஸ்ஸில்தான் படித்தேன், ஃபோனில் ஓர் ஆப்பை இறக்கி வைத்துக்கொண்டு. அதில் முதல் வாரத்திலேயே வந்த வார்த்தை அது. ஆண் சொன்னால் லிஸ்தோ, பெண் சொன்னால் லிஸ்தா. தயாராக இருக்கிறேன் என்று பொருள். அந்தத் 'தா' நம்முடைய 'த' போலவே இருந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இன்சார்ஜ் அதை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு 'லிஸ்டா' என்பார், நான் மனசுக்குள் திருத்துவேன். அவர்கள் பாஷையில் மெஷின் பெண்பால். ஆகவே மெஷின் தயார் என்றாலும் லிஸ்தாதான், நான் தயார் என்றாலும் லிஸ்தாதான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து நான் இதையே முணுமுணுத்துக்கொண்டு வர, பக்கத்தில் உட்காரும் பெண், ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாள்.

போகப்போக அந்தச் சொல்லுக்கு வேறு முகங்களும் தெரிந்தன. ஒருத்தியின் சுபாவத்தைப் பற்றிப் பேசும்போது அது கெட்டிக்காரி என்றாகும். ஒரு வேலையை முடித்துவிட்டு, 'அவ்வளவுதான், ஆயிற்று' என்பதுபோல் தனியாகவும் போட்டுக்கொள்வார்கள். ஆப்பில் இல்லாத ஒன்றை இன்ஜினியரே சொல்லித் தந்தாள். எல்லாச் சோதனையும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று எங்கள் இன்சார்ஜ் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நான் சொன்னபோது, அவள் 'பா லிஸ்தோ' என்று சொல்லிச் சிரித்தாள். நினைத்துக்கொண்டே இருக்கட்டும் பாவம் என்கிற மாதிரி ஒரு கேலி. அவள் என்ன சொல்கிறாள் என்று இன்சார்ஜ் கேட்டார். நீங்கள் தயாராக இருப்பதாகச் சொல்கிறாள் சார் என்றேன். அவருக்குப் பரம திருப்தி.

அவள் வேலை செய்யும் முறை ஒன்று இருந்தது. மெஷினின் எந்தப் பாகத்தை ஒரு விரல் அளவு அசைப்பதற்கும் முன்னால், "லிஸ்தா?" என்று கேட்பாள். நான் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளே யாருடைய கையோ தலையோ இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, "லிஸ்தா" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவள் அங்கே பட்டனைத் தொடுவாள். மெஷினின் பின்பக்கக் கதவு திறந்திருந்தால் பொதுவாக எதுவும் அசையாது. ஆனால் கேபிள் இழுப்பதற்காக நாங்கள் அந்தக் கதவைக் கழற்றி வைத்திருந்தோம். சோதனை நடக்க வேண்டுமே என்று கதவின் சுவிட்சையும் அழுத்திக் கட்டிவிட்டிருந்தோம். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிக்கொண்டிருந்தது. கதவு செய்ய வேண்டிய காவலை என் கண்தான் செய்ய வேண்டும்.

முதல் நாள் அவள் கேட்ட மறு நொடியே நான் "லிஸ்தா" என்றேன். அவள் பட்டனைத் தொடாமல், "பார்த்தாயா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அவள் கேமராவில் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், நான் நின்ற இடத்தை விட்டு நகரவேயில்லை. "இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. இன்னும் இல்லை என்றால் காத்திருப்பேன்" என்று மெதுவாக, பாதி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது.

அவளிடம் எப்படி விளக்குவது? எங்கள் பக்கத்தில் 'ஆச்சா?' என்று கேட்டால் 'ஆச்சு' என்பதுதான் பதில். தெலுங்கில் 'அயிந்தா?' என்றால் 'அயிந்தி சார்.' காலையில் அம்மா ஃபோனில் "கெளம்பிட்டியா?" என்பாள். நான் ஈரத்தலையோடு நின்றுகொண்டு "கெளம்பிட்டேம்மா" என்பேன். ஆட்டோக்காரர் வீட்டில் டீ குடித்தபடி "வந்துகினே கீறேன்" என்பார். அவர் வரவில்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லவிடமாட்டார்கள். அதிலும் மேலே இருப்பவர் கேட்கும்போது 'இன்னும் இல்லை' என்பது ஏதோ எதிர்த்துப் பேசுகிற மாதிரி. நான் 'ஆச்சு' சொல்லியே வளர்ந்தவள்.

இருந்தாலும் கற்றுக்கொண்டேன். பயம் எனக்கு அங்கே உதவியது. ஒவ்வொரு முறையும், பின்பக்கத்து இரும்புத் தட்டுமேல் ஏறி இறங்கி, முழுதாகச் சுற்றினேன். ஒரு நாளைக்கு முப்பது சுற்று, நாற்பது சுற்று. எங்களோடு வேலை செய்த ஃபிட்டர் அண்ணா, வரதய்யபாளையத்துக்காரர், மெஷினின் நட்டு போல்ட் எல்லாம் அவர் கையில்தான், என்னைப் பார்த்துச் சிரிப்பார். "பாப்பா நவகிரகம் சுத்துது, யாரும் குறுக்க போவாதீங்கப்பா" என்பார். இரண்டாம் வாரத்தில் அந்த இன்ஜினியர் என்னைக் கெட்டிக்காரி என்றாள், அதே லிஸ்தாவைப் போட்டு. அன்றைக்குப் பஸ்ஸில் நான் யாரிடமும் பேசாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மெஷினை முதன்முறையாக முழுதாக ஓட்டிப் பார்ப்பது ஒரு வெள்ளிக்கிழமை என்று ஆனது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அவள் வழக்கமாக வேலையைத் தொடங்குவது அவர்கள் ஊரில் காலை ஏழு மணிக்கு. நம் கடிகாரத்தில் அதுதான் சரியாகப் பத்தரை. இன்சார்ஜுக்கு முகம் சுண்டிவிட்டது. பத்தரைக்கு முன்னால் அந்தக் கை ஒரு தடவையாவது இறங்கி ஏறிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் கெஞ்சிக் கேட்க, அவள் ஆறரைக்கே வந்து உட்கார ஒப்புக்கொண்டாள். ஏன் என்று கேட்டாள். எனக்கு அதைச் சொல்ல ஸ்பானிஷ் போதவில்லை.

ஃபிட்டர் அண்ணாவுக்கு வேறொரு கவலை. புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவோம் இல்லையா, அதேபோல் இந்த இரும்புக் கை முதல் தடவை இறங்கும்போது ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கியே ஆக வேண்டும் என்றார். நான் இன்ஜினியரிடம் கேட்டேன். வெளியே எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள், உள்ளே ஒன்றும் கூடாது என்றாள். அண்ணாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். அந்தச் 'சரி'யின் லட்சணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் அதே பக்கத்துக்காரிதானே.

அன்று காலை மெஷினுக்கு மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் ஆயிற்று. பத்து மணி பதினைந்து நிமிஷத்துக்கு நான் ஒரு சுற்று முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. லேப்டாப் முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கப் போன நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட, மறுபடி கட்டாக, இன்சார்ஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று "அயிந்தா? அயிந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தேன். அவள் முகம் திரையில் திரும்ப வந்தபோது மணி பத்து இருபத்தாறு.

"லிஸ்தா?" என்றாள்.

லைன் விட்டு வந்தால் புதிதாக ஒரு சுற்று வர வேண்டும். அது எங்களுக்குள் பேசி வைத்த விதி, எனக்கு நன்றாகத் தெரியும். இன்சார்ஜ் தன் வாட்சை என் முகத்துக்கு நேராக நீட்டினார். சுற்றி வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மெஷினைவிட அவரிடம்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

"லிஸ்தா" என்றேன்.

 கை இறங்க ஆரம்பித்தது. பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, அலறல் இல்லை, யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். மெஷினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்பு பட்டனைக் குத்தினேன். எல்லாம் நின்றது. பின்னால் ஓடினேன்.

அண்ணா திறந்திருந்த பின்பக்கம் வழியாக உள்ளே குனிந்திருந்தார். மேசைமேல் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டிருக்கிறது. அதை நேராக வைக்கப் போயிருக்கிறார். இரும்புக் கை அவருடைய வலது கை விரல்கள் இரண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல" என்றார். முகம் சாம்பலாக இருந்தது.

இரும்புக் கையைத் தூக்கினால்தான் விரல் வெளியே வரும். தூக்குவதற்கு அவள்தான் அங்கிருந்து பட்டனை அழுத்த வேண்டும். தப்பான பக்கம் அரை அங்குலம் போனாலும் அவ்வளவுதான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, கேமராவை அவர் விரல் பக்கம் காட்டினேன். அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் சிவப்பு பட்டனை விடுவித்தேன். அதன் பிறகு அவள் கேட்டாள், குரல் உயராமல், தினமும் முப்பது நாற்பது தடவை கேட்ட அதே மாதிரி. "லிஸ்தா?"

"செப்பும்மா! ரெடின்னு சொல்லு!" என்று இன்சார்ஜ் கத்தினார். சுற்றி நின்ற எல்லோரும் கத்தினார்கள். அண்ணாவின் சட்டைக் கை மெஷினின் கவ்வியில் மாட்டியிருந்தது. தூக்கினால் அவர் கையும் சேர்ந்து மேலே போகும். நான் "இன்னும் இல்லை" என்றேன், அவள் பாஷையில், அவள் சொல்லித் தந்த மாதிரி. ஒருவர் கத்தியால் சட்டையை அறுத்தார். மறுபடி கேட்டாள். அண்ணாவின் தோளை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இன்னும் இல்லை என்றேன். இன்சார்ஜ் தெலுங்கில் என்னை என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. அண்ணாவின் முழங்கையையும் அவர்கள் பிடித்துக்கொண்ட பிறகுதான் லிஸ்தா என்றேன். இரும்புக் கை மேலே போனது. விரல்களை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நானும் போனேன். வழி முழுக்க மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அண்ணாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். நடுவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் அவர் மனைவி வந்தாள். எங்களில் யாரோ, நான்தான் சிவப்பு பட்டனை அடித்து மெஷினை நிறுத்தினேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாங்காட்டி முழு கையும் போயிருக்கும்மா. என் வூட்டுக்கு வெளக்கேத்தின" என்று அழுதாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அன்று அறைக்குப் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை இன்சார்ஜ் ஒரு தாளைக் கொண்டுவந்தார். தொழிலாளி எச்சரிக்கையை மீறித் தானாகவே கையை உள்ளே விட்டார் என்று டைப் செய்திருந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதினால் விதியை மீறியவர் என்று அண்ணாவை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதில் எழுதியிருந்தது எதுவும் பொய்யில்லை. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அவ்வளவுதான். "சைன் பெட்டும்மா, அயிபோத்துந்தி" என்றார், போட்டால் முடிந்துவிடும் என்று.

"இன்னும் இல்ல சார்" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தாளின் கீழே என் கையெழுத்தில், லைன் விட்டு வந்த பிறகு நான் சுற்றிப் பார்க்காமலேயே தயார் என்று சொன்னேன் என்று எழுதினேன். வாட்ச் விஷயத்தையும் எழுதினேன். இன்சார்ஜ் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பேக்கிங் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். உண்மையைச் சொன்னால், அட்டைப்பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அண்ணாவுக்கு வேலை தப்பியது, ஸ்டோரில் உட்கார வைப்பதாகச் சொன்னார்கள்.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்து நான் இன்னும் சொல்லவில்லை. தாளில் எழுதுவது சுலபம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலுக்கும் வார்டுக்கும் நடுவில் மூன்று தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள், பழத்தை வாங்கி உரிக்க ஆரம்பித்தாள். நான் உட்காரவில்லை.

"அண்ணா, அன்னிக்கி லைன் திரும்பி வந்தப்புறம் நான் சுத்தி வந்து பாக்கல. பாக்காமலே சொல்லிட்டேன்" என்றேன். அழக் கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். முடியவில்லை.

அவர் மனைவியின் கை தோலுரிப்பதை நிறுத்திவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள்.  அவர்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார்.

"தெரியும்மா. நீ சுத்தி வந்தா பின்னால அந்த இரும்புத் தட்டு மேல உன் ஷூ சத்தம் டங்கு டங்குன்னு கேக்கும். அன்னிக்கி ரெண்டாவது தடவ அது கேக்கல. சரி, பாப்பா இன்னும் வரல, நேரம் கீதுன்னுதான் கைய உள்ள வுட்டேன். நீதான் பாக்காம சொல்ல மாட்டியே."